கழுத்தும் கத்தியும்

ஆமத்தூரிலிருந்து விருதுநகருக்குச் செல்லும் பஸ்ஸில் ஒரு நாள் காலை நம் பழைய மாணவன் ஒருவனைக் கண்டோம். மாதம் ஆவணி. ஆனால் எந்த மாதமாயிருந்தால் என்ன? எங்கள் கரிசல் பூமியில் வெயிலுக்கு விடுமுறை என்பதே கிடையாது. அப்பேர்ப்பட்ட வெயிலில் அந்தப் பிள்ளையாண்டான் கழுத்தைச் சுற்றி ஒரு கைக்குட்டையைக் கட்டிக் கொண்டிருந்தான்.

"தொண்டை வலியா, தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லை, சார்."

"பின்னே, புது நாகரிகமோ?"

பையன் முகம் சிவந்தது. மெதுவாகக் கைக்குட்டையைத் தளர்த்திக் காட்டினான். முகத்தை விடக் கழுத்து அதிகமாய்ச் சிவந்திருந்தது. தாடைக்குக் கீழே குரல்வளை வரையில், வேர்க்குருவுக்குப் பாத்தி கட்டினாற்போல், சின்னஞ்சிறு கொப்புளங்கள்.

விஷயம் இதுதான். பாட்டனாரின் தகரப் பெட்டியில் பித்தளையாலான பழைய சேஃப்டி ரேஸர் ஒன்று அவன் கைக்குக் கிடைத்தது. புது பிளேடு வாங்கிப் போட்டு, ஒரு மாத காலமாகத் தானே க்ஷவரம் பழகி வருகிறான். கன்னம் பரவாயில்லை, கழுத்துத்தான் தீயாய் எரிகிறது. மூன்று வாரத்தில் கல்லூரித் தேசிய மாணவர் படையின் பத்து நாள் முகாம் வருகிறது. அங்கே தினந்தோறும் காலையில் மழமழவென்ற முகத்துடன் அணியில் நிற்க வேண்டும்.

"பெயரை வாபஸ் வாங்கிக் கொள்ளலாமா என்று பார்க்கிறேன், சார்" என்றான்.

பட்டாளத்தில் சேர வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே அவனுடைய கனவு. ஒரு துண்டு இரும்புத் தகட்டுக்குப் பயந்து அதைக் கைவிடுவதா? நாம் உடனே உபதேசத்தில் இறங்கினோம். "பிளேடு மழுங்கியிருக்கும். வேறு மாற்று. தோலை நன்றாய் இழுத்துப் பிடித்துக் கொண்டு, கீழிருந்து மேலாக அழுத்திச் சிரை. மிச்சம் மீதி இல்லாமல் வழித்துவிட்டால் எரிச்சல் எங்கிருந்து வரும்?" என்றோம்.

நேயர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வருஷமாக க்ஷவரம் செய்து கொள்ளும் நம்முடைய கழுத்திலும், சட்டைக் காலருக்கு உள்ளே, அதே சிவப்புத் தடிப்பு நித்திய வாசம் செய்து வந்தது. சலவைக் கஞ்சியின் மேல் பழியைப் போட்டு இத்தனை காலம் ஓட்டி விட்டோம்.

நான்காம் நாள் பையன் வீட்டுக்கு வந்தான். நாம் சொன்னபடியே செய்திருந்தான். கழுத்தில் இரத்தம் துளிர்த்துக் காய்ந்த புள்ளிகள். அவன் நம்மைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருக்கும்.

உபாத்தியாயரின் சுபாவம் தெரிந்ததுதானே? முதலில் புத்தகம் புரட்டினோம். 1769-ஆம் வருஷத்திலேயே பிரெஞ்சுக்காரரான பெரே என்னும் கத்தி வியாபாரி, தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார் என்று தெரிந்தது. அமெரிக்காவில் காம்ப் சகோதரர்கள் 1880-இல் காப்புத் தடுப்பு வைத்த கத்தியைச் செய்ததும், மழுங்கினால் எறிந்து விடக்கூடிய மெல்லிய பிளேடுக்கு ஜில்லெட் என்பவர் 1904-இல் காப்புரிமை பெற்றதும் தெரிந்தன. விற்பனை தொடங்கிய 1903-ஆம் வருஷத்தில் அவர் விற்றது வெறும் 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். முதல் உலக யுத்தத்திலோ அமெரிக்க அரசாங்கம் தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸர்கள் வாங்கியது.

இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோசனம்? பையனுடைய கழுத்து ஆறவில்லை. கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தோம். ஆமத்தூர்க் கடைத்தெருவில் ஐம்பது வருஷமாகக் கத்தி பிடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பையனை அவரிடம் அழைத்துச் சென்றோம். தமிழ்நாட்டில் நாவிதர்களுக்கு மருத்துவர் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பொருள் அன்றைக்குத்தான் நமக்கு விளங்கிற்று.

பெரியவர் பையனுடைய கழுத்தைப் பார்த்தார். பிறகு, நாம் கேட்காமலே, நம்முடைய காலரை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"வாத்தியாரையா, பட்டாசு ஆலையிலே வேலை பார்க்கிறவுகளைக் கேட்டுப் பாருங்க. மருந்தை யாராவது அழுத்தித் தேய்ப்பாகளா?" என்றார்.

ஊரைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள். உரசல் என்றால் நெருப்பு என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தீக்குச்சியைப் பெட்டியில் உரசினால் பற்றுகிறது. கத்தியைக் கழுத்தில் உரசினாலும் பற்றத்தான் செய்யும். இந்தச் சின்ன சமாசாரம் பட்டதாரியான நமக்கு இருபத்தைந்து வருஷமாய்த் தோன்றவில்லை.

சேஃப்டி ரேஸர் என்ற பெயரில்தான் முதல் ஏமாற்றம் இருக்கிறது. அதிலுள்ள தடுப்பு, பிளேடு ஆழமாக வெட்டாமல் காக்கிறது, அவ்வளவுதான். அழுத்தினால் தோலின் மேற்படலத்தையும் சேர்த்துச் சுரண்டி எடுப்பதை அது தடுக்காது. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த இக்காலத்து ரேஸர்களின் தலை வளைந்து கொடுக்கும். ஆகையால் அழுத்தும் பழக்கம் நம்மை அறியாமலே வந்து விடுகிறது. பாட்டனார் காலத்துப் பித்தளைக் கத்தி வளைந்து கொடுக்காது. கனமான அந்தக் கத்திக்குத் தன் கனமே போதும். கை அதற்கு வழி காட்டினால் சரி.

"தம்பி, பத்து நாளைக்குக் கத்தியைத் தொடாதே. புண்ணு ஆறட்டும். மயிரு வளரும்போது அது எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு தினமும் விரலாலே தடவிப் பாரு" என்றார் பெரியவர்.

கம்மங்காட்டில் காற்று அடித்தால் பயிர் எல்லாம் ஒரே பக்கம் சாயும். கழுத்து மயிர் அப்படியல்ல. ஓரிடத்தில் கீழ்நோக்கி, மற்றோரிடத்தில் பக்கவாட்டில், சிலருக்குத் தாடையை நோக்கி மேலேயே வளரும். பூகோள வகுப்பில் செய்வதுபோல் பையனை ஒரு காகிதத்தில் தன் கழுத்தின் படம் வரைந்து, அம்புக்குறி இடச் சொன்னோம். குரல்வளையின் இடப்பக்கத்து அம்புகள் எல்லாம் காதைப் பார்த்து நின்றன. அவனோ அங்கே கீழிருந்து மேலாக இழுத்து வந்திருக்கிறான். நாமும் அதையே உபதேசித்தோம்!

எதிர்த்து மழிப்பதில் என்ன தோஷம்? தோலை விறைப்பாய் இழுத்துப் பிடித்து, எதிர்ப்பக்கமாக அழுத்திச் சிரைத்தால் மயிர் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படுகிறது. பிடியை விட்டதும் அது உள்ளே ஒடுங்கிக் கொள்கிறது. மறுபடி வளரும்போது, கூராய்ச் சீவிய அதன் முனை வெளியே வர வழி தெரியாமல் தோலையே குத்துகிறது. சுருட்டை மயிராயிருந்தால், வெளியே வந்தும்கூட வளைந்து மீண்டும் தோலுக்குள் புகுகிறது. முள் தைத்த இடம் வீங்குவது போல அந்த இடம் வீங்குகிறது. கொப்புளத்தின் கதை இவ்வளவே. சுருட்டை முடியுள்ள கறுப்பினச் சிப்பாய்களுக்கு இத்தொல்லை அதிகமாகையால், அமெரிக்கப் படைகளில் வைத்தியர் சீட்டுக் கொடுத்து க்ஷவரத்திலிருந்து விலக்களிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. ஆகவே இது கோழைத்தனமும் அல்ல, அசுத்தத்தின் விளைவும் அல்ல. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே!

பத்து நாள் கழிந்தது. பெரியவர் கடையிலேயே, பெரிய கண்ணாடியின் முன்பு, பாடம் ஆரம்பமாயிற்று. மாணாக்கர்கள் இருவர். இன்னொருவர் யார் என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

முதல் பாடம் தண்ணீர். எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பைத் திரித்து விடும், நுரை எழும்பாது, எழும்பினாலும் நிலைக்காது. நுரை இல்லாத இடத்தில் கத்தி தோலின் மேல் வெறுமே உராய்கிறது. ஆகையால் குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் க்ஷவரத்துக்கு என்று ஒதுக்க வேண்டும். அதில் பாதியை வெதுவெதுப்பாக்கி, இரண்டு மூன்று நிமிஷம் முகத்தையும் கழுத்தையும் ஊற வைக்க வேண்டும். தண்ணீரை உறிஞ்சிய மயிர் பருத்து மிருதுவாகிறது; வெட்டுவதற்கு அதிக பலம் தேவைப்படுவதில்லை.

இரண்டாம் பாடம் பிளேடு. எஃகை விட ஐம்பது மடங்கு மிருதுவான மயிர், எஃகின் கூரை என்ன செய்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். 2020-இல் அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். மயிர் வளைந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கூரைத் தாக்கும்போது, எஃகில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்று கண்டார்கள். சில்லுப் பெயர்ந்த பிளேடு மயிரை அறுக்காது, பிடுங்கும். நாலைந்து க்ஷவரத்துக்கு மேல் ஒரு பிளேடை வைத்துக்கொண்டு லோபித்தனம் செய்வது கழுத்துக்கு நஷ்டம். ஒருவர் பிளேடை மற்றொருவர் உபயோகிப்பதோ, அண்ணன் தம்பியானாலும், கூடவே கூடாது. மஞ்சட்காமாலை உண்டாக்கும் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவக் கூடியவை.

மூன்றாம் பாடம் கை. ரேஸரின் பிடியை நுனி விரல்களால், பேனா பிடிப்பதைப் போல லேசாகப் பிடிக்க வேண்டும். பிளேடு தோலின் மேல் சுமார் 30 பாகை சாய்ந்திருக்கட்டும். ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல் ஒரே இழுப்பில் இழுக்கக் கூடாது. மோவாயைச் சற்று உயர்த்தினால் போதும். தோலை வில் நாணாய் இழுக்க வேண்டாம். கழுத்தில் மயிர் படுத்திருக்கும் பக்கமாகவே ஒரு தரம். சொரசொரப்பு மிச்சமிருந்தால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு தரம். எதிர்ப்பக்கம் என்பதைக் கற்றுக்குட்டிகள் கழுத்து விஷயத்தில் மறந்தே விட வேண்டும். நுரை போன இடத்தில் கத்தியை மீண்டும் வைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தலையாயது.

நான்காம் பாடம், முடிந்த பிறகு. குளிர்ந்த நல்ல தண்ணீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு ஈரப் படிகாரத்தை லேசாகத் தடவலாம். படிகாரம் ஒரு நல்ல பரீட்சை அதிகாரி. நாம் எங்கெங்கே அழுத்தினோமோ அங்கங்கே சுரீரென்று மதிப்பெண் போட்டு விடும். ஒரு நிமிஷத்தில் கழுவி விட்டு, இரண்டு துளி தேங்காயெண்ணெய் தொட்டுக் கொண்டால் போதும். ஸ்பிரிட் கலந்த வாசனைத் திரவங்கள் புண்ணான கழுத்துக்கு ஆகா. கொப்புளத்தில் சீழ் வைத்தால் கத்தியைக் கீழே வைத்து விட்டு வைத்தியரிடம் போவதே விவேகம்.

தன் கையே தனக்கு உதவி என்ற கொள்கையைக் காந்தியடிகளுக்கு மேல் கடைப்பிடித்தவர் யார்? பிரிட்டோரியா நகரில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் முடிவெட்ட மறுத்தபோது, அவர் தாமே கண்ணாடியின் முன் நின்று வெட்டிக் கொண்டார். முன்பக்கம் ஒருவாறு வந்தது, பின்பக்கம் பாழாகிவிட்டது. நீதிமன்றத்து நண்பர்கள் எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள். இதைச் சுயசரிதையில் எழுதியவர், அந்த நாவிதர் மேல் கோபிக்கவில்லை. தீண்டாதார் என்று நாம் ஒதுக்கிய சகோதரர்களுக்கு நம் ஊர் நாவிதர் பணி செய்ய நாமே விடுவதில்லையே என்று நினைத்துப் பார்த்தார். கத்தி பிடிக்கும் கையையும், அதன் முன் உட்காரும் தலையையும் உயர்வு தாழ்வு சொல்லிப் பிரித்த பாவத்தில் நமக்கும் பங்குண்டு. இருபத்தைந்து வருஷம் அந்தப் பெரியவர் கடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் சென்ற நாம், ஒரு தரமாவது உள்ளே நுழைந்து கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

கேட்டுக் கற்பது நம் சீமைக்குப் புதிதா என்ன? சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய சிவகாசி. அவ்வளவு தூரம் அவர்கள் போனார்கள். கடைத்தெரு வரையில் நமக்குப் போக முடியவில்லை.

பையன் முகாமுக்குப் போனான். பத்துக் காலையும் அணியில் நின்றான். இரண்டு நாள் அவசரத்தில் அழுத்தி விட்டதால் நாலைந்து கொப்புளம் எழும்பியதாகவும், மற்றபடி கழுத்து அமைதியாக இருந்ததாகவும் சொன்னான். நம்முடைய காலருக்குள்ளும் சிவப்பு மறைந்து வருகிறது. சலவைக் கஞ்சிக்கு நாம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம்.

ஊர் திரும்பிய அன்று பையன் முதலில் பெரியவர் கடைக்குப் போய்விட்டு, அதன் பிறகுதான் நம் வீட்டுக்கு வந்தான். முறையும் அதுதான்.