இடிந்த சுவரில் என்ன இருக்கிறது?

கதைக்குக் கரு தேடி, கேமராவும் கையுமாகத் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறவரா நீங்கள்? ஒரு நிமிஷம்! 1964 டிசம்பர் புயலில் சிதைந்த அந்தத் தேவாலயத்தை இன்னும் எத்தனை பேர்தான் படம் பிடிப்பது? பக்கத்திலேயே குடிசை போட்டு மீன்பிடிக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினீர்களா?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ல் நின்றது. கட்டடத்துக்கென்ன, பிற்பாடு வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது. வேலை போய் மூட்டை கட்டிய ஆயிரக்கணக்கானவர்களை, அதிலும் அந்தப் பெண்களை, யார் வாங்க வந்தார்கள்?

சுவர் இடிந்தால் கவிதை எழுதுகிறோம். வாழ்க்கை இடிந்தால் 'செட்டில்மென்ட்' என்கிறோம்!

ஷிப்ட் முடிகிற நேரத்தில் சேரப்பணஞ்சேரிப் பக்கம் வந்து நில்லுங்கள். கழுத்தில் ஐ.டி. கார்டும், கண்ணில் தூக்கமுமாகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, காதைத் திறந்து வையுங்கள்.