சின்னத் திருத்தம்தானே என்று விட்டால்...

ஜென் என்றதும் தியானம், துறவி என்று போய்விட வேண்டாம் :) இது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2003-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்த ஹைப்பர்வைசர். ஒரே கணினியில் பல இயங்குதளங்களை, ஒன்றின் நினைவகத்தை இன்னொன்று தொடாதபடி ஓடவிடும் மென்பொருள். அமேசானின் வாடகை சர்வர்கள் பல ஆண்டுகள் இதன் மேல்தான் ஓடின.

இதில் வந்த இரண்டு வழுக்களைக் காட்டி, "வழு வந்தது, ஒட்டுப் போட்டார்கள், முடிந்தது" என்று சொல்வோர் உண்டு. முடியவில்லை என்பதுதான் கதையே.

முதலில் அடிப்படை. ஒரு நிரல் கேட்கும் முகவரி, உண்மையான நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்வது பேஜ் டேபிள். ஒவ்வொரு வரியிலும் ஒரு இட எண்ணும், சில கொடிகளும் இருக்கும். 'எழுதலாம்' என்பது ஒரு கொடி. 'இது பெரிய பக்கம்' என்பது இன்னொன்று.

ஜென்னின் பழைய பாணியில், விருந்தாளி கெர்னல் தன் பேஜ் டேபிளைப் படிக்கலாம், நேராக எழுத முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் ஜென்னிடம் மனுப் போட வேண்டும். ஜென் சரிபார்த்து எழுதும். பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி. பத்திரத்தை எவனெவனோ தானே எழுதிக்கொள்ள முடிந்தால் ஊரில் யார் நிலமும் மிஞ்சாது, இல்லையா?

ஆனால் முழுச் சரிபார்ப்புக்கு நேரம் பிடிக்கும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்தார்கள். இட எண் மாறாமல் கொடி மட்டும் மாறினால், சின்னத் திருத்தம்தானே, சரிபார்க்காமல் எழுதிவிடு!

2009-ல் ஜென் 3.4-ல் பெரிய பக்கங்களுக்கு ஆதரவு வந்தது. இரண்டாம் அடுக்கில் அந்தக் கொடியை ஏற்றினால், வரி இன்னொரு டேபிளைக் காட்டாமல் நேராக 2 எம்பி நினைவகத்தைக் காட்டும். பொருளே தலைகீழ். குறுக்குவழியோ அந்தக் கொடியைப் பார்க்கவே இல்லை. விருந்தாளி பேஜ் டேபிள்கள் இருக்கும் இடத்திலேயே எழுதலாம். அதாவது, மொத்தக் கணினியும் கையில். பக்கத்து வாடகைக்காரரின் கடவுச்சொல் உட்பட.

இது அறிவிக்கப்பட்டது 2015 அக்டோபரில், எக்ஸ்எஸ்ஏ-148 என்ற எண்ணில். ஆறு வருடம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. திருத்தம் என்ன? இரண்டாம் அடுக்கின் குறுக்குவழியில், கவனிக்க வேண்டிய கொடிகளின் பட்டியலை நீட்டினார்கள். மற்ற அடுக்குகளின் குறுக்குவழி அப்படியே இருந்தது.

ஒன்பது மாதம். 2016 ஜூலையில் எக்ஸ்எஸ்ஏ-182. அதே குறுக்குவழி! மேலடுக்கு டேபிள், படிக்க மட்டும் என்றால், தன்னையே சுட்டிக்கொள்ள ஜென் அனுமதித்தது. விருந்தாளி அப்படி ஒரு வரி போட்டுவிட்டு, பிறகு 'எழுதலாம்' கொடியை மட்டும் ஏற்றினால்? சின்னத் திருத்தம்தானே...

இந்த முறைதான் பட்டியலைத் திருப்பிப் போட்டார்கள். எந்தக் கொடிகள் மாறினால் ஆபத்தில்லையோ அவை மட்டும் குறுக்குவழியில் போகலாம். மற்ற எல்லாம் முழுச் சரிபார்ப்புக்கு. இதை 2015-லேயே செய்திருக்க வேண்டாமா?

எதிர்வாதம் தெரிந்ததுதான். பாதுகாப்பு ஒட்டு சின்னதாக இருக்க வேண்டும், பழைய பதிப்புகளிலும் பொருந்த வேண்டும், பெரிதாகக் கை வைத்தால் புது வழு வரும். நியாயம். அவசரத்துக்குச் சின்ன ஒட்டு போடட்டும். அவசரம் தீர்ந்தபின் அந்த ஒன்பது மாதத்தில் பக்கத்து அடுக்குகளை யார் பார்த்தார்கள்? "எதைத் தடுப்பது" என்ற பட்டியல் என்றுமே முழுமையாகாது. புது வசதி ஒன்று சேரும்போதெல்லாம் அது பழசாகும். "எதை அனுமதிப்பது" என்ற பட்டியல் பழசானால், நஷ்டம் கொஞ்சம் வேகம் மட்டுமே.

"இப்போது வன்பொருளே பார்த்துக்கொள்கிறதே" என்பது அடுத்த வாதம். ஏஎம்டி 2007-லும், இன்டெல் 2008-லும் இரட்டை அடுக்கு பேஜ் டேபிள் கொண்டுவந்தது உண்மை. ஒரு முகவரியைத் தேட 24 முறை வரை நினைவகத்தைத் தொட நேரும் என்ற விலை இருந்தும் அது நல்ல பேரம். க்யூப்ஸ் இயங்குதளமும் 2018-ல் வந்த 4.0-ல் பெரும்பாலான மெய்நிகர் கணினிகளைப் பழைய பாணியிலிருந்து மாற்றிவிட்டது. ஆனால் ஹைப்பர்வைசருக்குள் இன்னொரு ஹைப்பர்வைசரை ஓட்டினால், கேவிஎம் இன்றும் நிழல் டேபிள்களை மென்பொருளில்தான் பராமரிக்கிறது. சரிபார்ப்பு இடம் மாறியிருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

நாளை கெர்னலில் கை வைக்கப்போகும் மாணவர்கள் இதை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒரு வழு கிடைத்தால் அந்த வரியை மட்டும் திருத்துவது பாதி வேலை. அதே நினைப்பில் எழுதிய மற்ற வரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுவதுதான் மீதி. அந்தப் பாதியைச் செய்யாதவரை, வழு திருந்தியதாகச் சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.