தண்டவாளம் இருந்தால் வழியுண்டு

வேல்ஸின் மேற்குக் கரையில் உள்ள அபரிஸ்ட்வித்திலிருந்து அதே வேல்ஸின் கார்மார்தனுக்கு ரயிலில் போக வேண்டுமா? முதலில் கிழக்கே இங்கிலாந்துக்குள் போய் ஷ்ரூஸ்பரியில் வண்டி மாற வேண்டும். பிறகு தெற்கே இறங்கி மீண்டும் மேற்கே திரும்ப வேண்டும். சுமார் ஆறு மணி நேரம். இத்தனைக்கும் ஒரு காலத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 90 கி.மீ. கிளைப் பாதை இருந்தது. 1964 டிசம்பர் வெள்ளம் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. சரிசெய்ய யாரும் மெனக்கெடவில்லை. 1965 பிப்ரவரியில் மிச்சப் பகுதியிலும் பயணிகள் வண்டி நின்றுபோனது.

காரணம், டாக்டர் ரிச்சர்ட் பீச்சிங்கின் கணக்கு. நஷ்டத்தில் ஓடிய ரயில்வேயை நிமிர்த்த, ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்திலிருந்து 24,000 பவுண்ட் ஆண்டுச் சம்பளத்தில் அழைத்து வரப்பட்டவர் அவர். பிரதமரின் சம்பளத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1963 மார்ச்சில் வெளியான அவரது அறிக்கை, மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கு 1 சதவீதப் பயணத்தைத்தான் சுமக்கிறது என்றது. சிபாரிசு: 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடிவிடலாம்.

கணக்கு சரி. மனிதர்களைப் பற்றிய அனுமானம்தான் தப்பு. கிளைப் பாதை போனாலும் ஜனங்கள் காரிலோ பஸ்ஸிலோ வந்து பிரதான பாதையில் ரயிலேறுவார்கள் என்று நினைத்தார்கள். காரில் ஏறியவர்களில் பலர் ஊர் போய்ச் சேரும்வரை இறங்கவேயில்லை. பெரிய மூடல்களை நிறுத்துவதாக 1964 தேர்தலில் வாக்குறுதி தந்த தொழிற்கட்சியும் ஆட்சிக்கு வந்தபின் மூடிக்கொண்டேதான் இருந்தது.

பிறகு சில பாதைகள் உயிர்பெற்றன. பீச்சிங்குக்கு முன்பே, 1962இல் பயணிகள் வண்டியை இழந்த எப்வேல் மீண்டும் ரயிலைப் பார்த்தது 2008இல். டெவனில் உள்ள ஓக்ஹாம்ப்டனுக்கு, 1972இல் நின்ற தினசரி சேவை 2021 நவம்பரில் திரும்பியது. செலவு சுமார் 4 கோடி பவுண்ட். இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எப்வேலில் உருக்காலைக்காகவும், ஓக்ஹாம்ப்டனில் கல் குவாரிக்காகவும் தண்டவாளம் விட்டுவைக்கப்பட்டிருந்தது.

கார்மார்தன் பாதைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தண்டவாளம் பெயர்க்கப்பட்டுவிட்டது. அதை மீண்டும் அமைக்க 77.5 கோடி பவுண்ட் ஆகும் என்றது 2018இல் வேல்ஸ் அரசுக்காக நடந்த ஆய்வு.

நஷ்டத்தில் ஓடும் வண்டியை நிறுத்துவது நிர்வாக முடிவு, நாளை மாற்றிக்கொள்ளலாம். தண்டவாளத்தைப் பெயர்த்து நிலத்தை விற்பது அப்படியல்ல. அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து எடுக்கிற முடிவு அது.