வேலிக்குள் வளருமோ அறிவு?

"நீ எந்தத் துறை?" — முதுகலை நாடி, ஆராய்ச்சி நாடி, பல்கலைக்கழக வாயிலிலே வந்து நிற்கும் இளைஞனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி இதுதான். எதை அறிய வந்தாய், ஏன் அறிய வந்தாய் என்று வினவுவாரில்லை. இளநிலையில் என்ன பாடம், முதுநிலையில் என்ன பாடம், இரண்டும் ஒன்றுதானா — இவையே கேட்கப்படுகின்றன. விடை அவர்தம் ஏட்டிலே கீறிய கட்டத்துக்குள் அடங்கினால் கதவு திறக்கும், அடங்காவிடில் அடைபடும்!

தமிழ் பயின்ற ஒருவன், கல்வெட்டுகளிலே காணும் நில அளவையும் வரிப் பெயர்களையும் கணக்கிட்டு, அன்றைய உழவன் வாழ்ந்தானா, வாடினானா என்று அறிய விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். வரலாற்றுத் துறை, "நீ தமிழ் படித்தவன், எமக்கு உரியவன் அல்லன்" என்கிறது. தமிழ்த் துறை, "இதிலே இலக்கியம் எங்கே?" என்கிறது. பொருளியல் துறையோ, "கல்லெழுத்துக்கும் எமக்கும் என்ன உறவு?" என்று கேட்டுப் புன்னகை புரிகிறது. மூன்று வீட்டிலும் அவன் விருந்தாளி. எந்த வீட்டிலும் பிள்ளை அல்லன்!

தோழர்களே! பிறப்பைக் கேட்டு வாயிலை அடைத்த கொடுமையை எதிர்த்துப் பேசி வளர்ந்தவர்கள் நாம். பட்டத்தின் பிறப்பைக் கேட்டு வாயிலை அடைப்பதை மட்டும் ஒழுங்கு என்றும் மரபு என்றும் ஒப்புக்கொள்ளலாமா? சாதிக் கொடுமையும் இதுவும் ஒன்றெனக் கூறவில்லை. அது மனிதனை மண்ணோடு மண்ணாக மிதித்த கொடுமை. ஆனால், "நீ எங்கே பிறந்தாயோ அங்கேயே இரு" என்னும் வாசகம் இரண்டுக்கும் பொது அன்றோ?

இந்த வாசகத்தை அன்றே ஒருவர் ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1913ஆம் ஆண்டு, பரோடா அரசின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அம்பேத்கர். அவர் பொருளியல் மாணவர். பொருளியலில் மட்டுமா பயின்றார்? பொருளியலில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3! பசித்தவன் பந்தியிலே அமர்ந்ததுபோல் அமர்ந்து பயின்றார். 1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் பேராசிரியரின் கருத்தரங்கிலே, "இந்தியாவில் சாதிகள்" என்ற கட்டுரையைப் படித்தார். பொருளியல் மாணவர், மானிடவியல் அவையிலே! வயது 25.

அக்கட்டுரையின் வலிமை எங்கிருந்து வந்தது? அகமணமே சாதியின் உயிர்நிலை என்று காட்டுவதற்கு மானிடவியலைக் கைக்கொண்டார். ஒரு குழுவுக்குள்ளேயே மணம் நிகழ வேண்டுமாயின் ஆண், பெண் தொகை சமமாக இருக்க வேண்டும். துணையை இழந்து எஞ்சி நிற்போரை என்ன செய்வது என்ற கேள்வியைக் கணக்கறிவோடு எழுப்பினார். உடன்கட்டையும், கட்டாயக் கைம்மையும், குழந்தை மணமும் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட எழுந்த சூழ்ச்சிகள் என்று துலக்கினார். மேலிருப்போரைக் கீழிருப்போர் பின்பற்றியதால் சாதி பரவியது என்பதை விளக்க, தார்த் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளரின் கருத்தைத் துணைகொண்டார். சாத்திரம், கணக்கு, சமூகவியல், மானிடவியல் நான்கும் ஒரே கட்டுரையிலே கைகோத்தன. "பொருளியல் மாணவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று அந்த அவை கேட்டிருந்தால், சாதியின் வேரைத் தோண்டிய அந்த மண்வெட்டி மழுங்கியன்றோ போயிருக்கும்?

நம்மவர் கதையையும் காண்போம். இலங்கையிலே தமிழ் பயின்ற க. கைலாசபதி, முனைவர் பட்டத்துக்கு யாரை நாடினார்? இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்சனை நாடினார்! அந்தத் தாம்சனோ, அயர்லாந்தின் பிளாஸ்கட் தீவிலே மீனவ மக்களின் வாய்மொழியைக் கேட்டறிந்து, அதன் ஒளியிலே ஹோமரை ஆராய்ந்தவர். சங்கப் பாடலும் கிரேக்கக் காப்பியமும் அருகருகே வைத்து நோக்கப்பட்டன. 1968இல் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய அவரது ஆங்கில நூல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. அந்நூலின் முடிபுகளை மறுத்தோர் உண்டு. மறுக்கட்டும்! மறுப்பதற்கேனும் ஒரு புதிய கேள்வி பிறந்ததே, அது போதாதா?

ஐராவதம் மகாதேவன் அறிவியலும் சட்டமும் பயின்றவர். ஆட்சிப் பணியில் இருந்தவர். அவரன்றோ 1977இல் சிந்துவெளிக் குறியீடுகளுக்குக் கணிப்பொறியின் துணையோடு தொகுப்பு அளித்தார். 2003இல் பழந்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பெருநூல் தந்தார்! நொபோரு கராஷிமா சப்பானியர்; எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் திரட்டி 1978இல் தொகுதிகளாக வெளியிட்டார். மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துக்கொண்டிருந்த வரலாறு, பெயர்களை எண்ணத் தொடங்கியதும், நிலம் யாரிடம் இருந்தது, அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பேசத் தொடங்கிற்று!

இன்று கீழடி என்றால் நெஞ்சம் நிமிர்கிறோம். மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் கீழடி நமக்குக் கற்பிப்பது என்ன? தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். குழியிலிருந்து எடுத்த கரித்துண்டு அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. அவற்றுள் ஒன்றன் காலம் கி.மு. 580 என்று வந்தது. எலும்புகள் புனே டெக்கான் கல்லூரிக்குச் சென்றன. அவர் வளர்த்த விலங்கு எது, வேட்டையாடியது எது என்பது தெரிந்தது. செங்கல்லும் சுண்ணச் சாந்தும் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. பானை ஓட்டிலே கீறிய தமிழி எழுத்தோ, எழுத்தறிஞரின் கண்ணுக்கும் மொழியறிஞரின் செவிக்கும் காத்திருந்தது. ஒரு குழி, எத்தனை துறை! ஒரு துறைக்குள் மட்டும் நின்றிருந்தால் அது பானை ஓடு. பல துறை கூடியதால் அது நம் பழங்காலம்.

மண்ணுக்கடியிலே கிடக்கும் ஓட்டுக்குத் தரும் உரிமையை, மண்மேலே நடக்கும் மாணவனுக்குத் தர ஏன் தயக்கம்?

மறுப்போர் கூற்று மூன்று.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது முதற் கூற்று. நன்று! எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்வதை நாமும் ஏற்கவில்லை. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் பல்துறைக் கல்வி என்று பேசுகிறது. ஓராண்டோடு நிற்பவனுக்குச் சான்றிதழ், ஈராண்டோடு நிற்பவனுக்குப் பட்டயம் என்று இடைவழி காட்டுகிறது. வறியவன் பிள்ளையைப் பாதி வழியிலே இறக்கிவிடும் அந்த ஏற்பாட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை நாம். துறைகளை இணைத்துப் படிப்பது எளிய வழி அன்று. இரு மடங்கு உழைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்திலே 1941இல் தோன்றிய சமூகச் சிந்தனைக் குழுவைக் காணுங்கள். இலக்கியம், தத்துவம், வரலாறு என்று பலவற்றிலிருந்தும் ஏறத்தாழ ஒரு டசன் மூலநூல்களைத் தேர்ந்து, ஆழக் கற்று, தேர்வில் வென்ற பிறகே ஆய்வேட்டில் கைவைக்கலாம் என்பது அங்கே விதி. தச்சனைக் கேலி செய்வோர் இந்தச் சாணைக்கல்லைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்!

"இது செல்வர் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு, ஏழைக்குப் பட்டம் சோறு போட வேண்டாமா?" என்பது இரண்டாவது. இதைக் கேலி செய்ய மாட்டேன். வகுப்பறையிலே நாள்தோறும் இந்த ஏழையின் முகத்தைப் பார்க்கிறேன். வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் அஞ்சுவது நியாயமே. ஆனால், பட்டத்துக்கு வேலை இல்லாமற் செய்தது யார்? பாடம் மாறிப் படித்தவரைக் "கிராஸ் மேஜர்" என்று தனியே பிரித்து நிறுத்தும் வழக்கத்தை ஆசிரியர் அனைவரும் அறிவர். பட்டத்தின் பெயர் சற்றே மாறினால், "இணைத்தன்மை அரசாணை கொண்டுவா" என்கின்றனர். கையிலே பட்டம், காலிலே அலைச்சல்! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகூட, உதவிப் பேராசிரியருக்கு உரிய பாடம் என்பதோடு நிற்காமல், தொடர்புடைய பாடம், சார்ந்த பாடம் என்றும் எழுதிற்று. எழுதியவர் வாயிலை அகலமாக வைத்தார்; காத்து நிற்பவர் ஒற்றைக் கதவை மட்டும் திறந்தால் குற்றம் யாருடையது? வழியை அடைத்துவிட்டு, "வழியில்லாத ஊருக்கு ஏன் போகிறாய்?" என்று கேட்பது அறமாகுமா?

"துறை என்றால் பாதுகாப்பு; துறையற்றவன் அநாதை" என்பது மூன்றாவது. இதிலே உண்மை உண்டு. பர்மிங்காமிலே 1964இல் ரிச்சர்ட் ஹாகார்ட் தொடங்கி, பின்னர் ஸ்டூவர்ட் ஹால் வளர்த்த பண்பாட்டு ஆய்வு மையம், உழைக்கும் மக்களின் வாழ்வையும் செய்தித்தாளையும் பாட்டையும் ஆய்வுப் பொருளாக்கி உலகெங்கும் புகழ் பெற்றது. அந்த மையத்தின் வழிவந்த துறையையே 2002இல் பல்கலைக்கழகம் மூடிவிட்டது! புகழ் இருந்தது; நிலையான கூரை இல்லை. எனவே கூரை வேண்டாம் என்பதா பாடம்? உறுதியான கூரை வேண்டும் என்பதன்றோ பாடம்!

ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, ஒழுங்கான ஏற்பாடு. கலைப் புலத்து ஆய்வாளன் ஒவ்வொருவனுக்கும், அவன் கேள்வி கோருமாயின், இரு துறைகளிலிருந்து இரு வழிகாட்டிகள் வேண்டும். பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சியோ, புள்ளியியலோ, களப்பணியோ, தாய்த்துறை தாராத கருவியைக் கற்பிக்கும் முழுப் பருவம் வேண்டும். இத்தகைய பட்டம் எந்தெந்தப் பணிக்கு ஏற்றது என்பதைச் சேர்க்கையின்போதே எழுத்தில் அறிவிக்க வேண்டும். படித்து முடித்தவனை அலுவலகம் அலுவலகமாக அலைய விடலாகாது. உதவித்தொகை, இரண்டாம் துறையைக் கற்கும் காலத்துக்கும் சேர்த்து அளிக்கப்பட வேண்டும். இல்லையேல் மறுப்போர் கூறியதே மெய்யாகும்; இப்படிப்பு செல்வர் வீட்டுச் சொத்தாகிவிடும்.

இளைஞர்களே! பட்டம் தேடிக் கேள்வியை வளைக்காதீர்கள். கேள்வியைத் தேர்ந்து, அதற்குரிய துறைகளின் கதவைத் தட்டுங்கள். ஒரு துறையிலே வேரூன்றுங்கள்; மறு துறையிலே கிளை பரப்புங்கள். விதிமுறையின் படி ஒன்றைக் கையிலே வைத்துக்கொள்ளுங்கள். "இதற்கு இடமில்லை" என்பாரிடம், எந்த விதியில், எந்த வரியில் என்று எழுத்திலே பதில் கேளுங்கள். ஏன் என்று கேட்கக் கற்றவன், கல்விக்கூடத்தின் வாயிலிலே மட்டும் வாய் மூடி நிற்கலாகாது!