துப்புக்கு மானியம் உண்டு, கணக்கு எங்கே?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், குற்றவாளி எனத் தீர்ப்பானவரிடம் நீதிமன்றச் செலவாகக் கூடுதலாக 20 டாலர் வசூலிக்கிறார்கள். அது 'கிரைம் ஸ்டாப்பர்ஸ்' நிதிக்குப் போய், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வழியாக உள்ளூர் அமைப்புகளுக்கு மானியமாகிறது. பெயர் சொல்லாமல் துப்புக் கொடுப்பவர்களின் அழைப்பை வாங்குவதுதான் அவற்றின் வேலை.

பெயர் மறைப்பை நாம் எதிர்க்கவில்லை. ஊரில் சாட்சி சொன்னால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? இங்கே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாட்சியின் பெயரை மறைக்க 15ஏ பிரிவு இருப்பதே அதனால்தான்.

ஆனால் துப்பு சாட்சியம் அல்ல. 1995இல் மயாமியில், பேருந்து நிறுத்தத்தில் கட்டம்போட்ட சட்டை அணிந்த கறுப்பின இளைஞன் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். (கிரைம் ஸ்டாப்பர்ஸுக்கு அல்ல, நேராகப் போலீசுக்கே.) போய்ச் சோதித்தார்கள். துப்பாக்கி இருந்தது. இருந்தும் 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெயரில்லாத அழைப்பு மட்டுமே போதாது, அந்தச் சோதனை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

துப்பாக்கி கிடைத்ததால் அது வழக்கானது. ஒன்றும் கிடைக்காமல், தெருவில் எல்லார் முன்னும் சோதித்து அனுப்பப்படும் பையன்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? மானியம் கொடுக்கும் அரசு கைது எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை துப்பு பொய்த்தது, எந்தத் தெருவில், யார்மீது என்று ஆண்டுதோறும் கேட்டு வெளியிட வேண்டும். அதற்குத் துப்புக் கொடுத்தவரின் பெயர் தேவையே இல்லை.