சுகர் இல்லை, பிபி இல்லை... ஆனாலும் கிட்னி பாதிக்குமா? வெயிலில் உழைப்பவர்கள் கவனத்துக்கு!

"எனக்குத்தான் சுகரும் இல்ல, பிபியும் இல்லயே, கிட்னி எப்படி கெட்டுப்போகும்?" சிறுநீரகப் பாதிப்பு என்று டாக்டர் சொன்னதும் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணங்கள் அந்த இரண்டும்தான். ஆனால், அவை மட்டுமே காரணம் இல்லை.

உத்தானம் சொல்லும் பாடம்

ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ளது உத்தானம். தென்னை, முந்திரி விளையும் கடலோரப் பகுதி. இங்கு சுகர், பிபி இல்லாத விவசாயக் கூலிகள் பலருக்கும் சிறுநீரகம் செயலிழந்து வருகிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளிடம் 1990-களிலேயே இது கண்டறியப்பட்டது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களுக்கும் இதே நிலைதான்.

என்ன காரணம்?

உறுதியான ஒற்றைக் காரணம் இன்னும் தெரியவில்லை. கடும் வெயிலில் உழைப்பு, நீரிழப்பு, பூச்சிக்கொல்லி, குடிநீரில் உள்ள ரசாயனங்கள் என பலவும் சந்தேகிக்கப்படுகின்றன.

வெயிலில் வேலை செய்யும்போது வியர்வையில் நீர் வெளியேறி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அன்று மாலையே உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாதிரி மாத்திரை வாங்கிப் போட்டால், அந்த ரத்த ஓட்டம் இன்னும் குறையும். ஒருநாள் என்றால் உடல் சமாளித்துவிடும். தினமும் என்றால்?

வலிக்காது... அதுதான் சிக்கல்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண் வடிகட்டிகள் உள்ளன. சில பழுதானாலும் மற்றவை வேலையை இழுத்துப்போட்டுச் செய்யும். அதனால் கால் வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என அறிகுறிகள் தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

எந்த டெஸ்ட் எடுக்கணும்?

இரண்டு போதும். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது ஒன்று. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இன்னொன்று. 'கிரியேட்டினின் நார்மல்' என்று வந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். ஒல்லியானவர்கள், வயதானவர்களுக்குப் பாதிப்பு இருந்தாலும் அது நார்மலாகக் காட்டலாம். 'இ-ஜிஎஃப்ஆர் எவ்வளவு?' என்று கேளுங்கள். அது 3 மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழ் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழ் போனால் செயலிழப்பு. அதன்பின் டயாலிசிஸ் அல்லது மாற்று சிறுநீரகம்தான் வழி.

சுகர், பிபி உள்ளவர்கள் வருடம் ஒருமுறை இந்த டெஸ்ட்களை எடுப்பது அவசியம். வயல், கட்டுமானம், செங்கல் சூளையில் வேலை செய்பவர்களும் எடுப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

* தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடிக்கலாம்.
* உச்சி வெயிலில் நிழலில் ஓய்வு கட்டாயம்.
* டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.
* ஏற்கெனவே சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளவர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யணும்.

தண்ணீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றும் தொழிலாளி மட்டும் நினைத்தால் கிடைத்துவிடாது. வேலை கொடுப்பவரும் மனசு வைக்கணும். உங்கள் வீட்டில் வெயிலில் உழைப்பவர் இருந்தால், இந்த வாரமே டெஸ்டுக்கு அழைத்துப் போங்க.