மறுப்பு அறிக்கை பதிலாகாது

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிக்குள் அந்நியர் புகுந்தனர். இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தை 2019 செப்டம்பர் 4 அன்றே எச்சரித்துவிட்டது. மக்களுக்கு யாரும் சொல்லவில்லை.

செய்தி கசிந்தது. அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் மறுப்பு வெளியிட்டது. வந்த தகவல் பொய்யாம். கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு இணைக்கப்படாததால் அதன் மீது இணையத் தாக்குதல் நடக்கவே முடியாதாம். மறுநாளே கழகம் வாய் திறந்தது: தீநிரல் நுழைந்தது உண்மைதான். எட்டு வாரம் மறைத்தார்கள். பிறகு மறுத்தார்கள். வேறு வழியில்லாதபோது ஒப்புக்கொண்டார்கள்.

பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான கணினி மட்டுமே என்கிறது கழகம். இது சமாதானம் ஆகாது. உள்ளே வந்தது டிட்ராக். தட்டச்சு செய்வதை எல்லாம் பதிவு செய்யும், கோப்புகளைப் பட்டியலிடும் உளவு நிரல் அது. வடகொரியாவின் லாசரஸ் என்ற ஊடுருவல் குழுவோடு தொடர்புபடுத்தப்படுவது. உளவாளிக்கு உலை வேண்டாம். உலையைக் கவனிப்பவர்களின் விவரம் போதும். ஈரானின் நடான்ஸ் அணு ஆலையும் இணையத்தோடு இணைக்கப்படாமல் இருந்ததுதான். ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அதற்குள்ளும் போனது. 2010-இல் உலகமே அறிந்த பாடம் இது. கூடங்குளத்துக்கு மட்டும் எட்டவில்லையா?

நம் ஊத்தங்கரைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நம் கிணற்று மோட்டாரும் ஒசூர் சிப்காட்டின் இயந்திரங்களும் ஓடுவது அந்த நிலையம் இணைந்துள்ள அதே மின்தொகுப்பில்தான். எல்லைக்கு அப்பால் கர்நாடகமும் அங்கிருந்து பங்கு பெறுகிறது.

செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவின்படி, ஒசூரில் ஒரு நிறுவனத்தின் கணினி தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் சிறைகூட உண்டு. இணையப் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66எஃப் பிரிவு இருக்கிறது. எல்லாம் அடுத்தவருக்கு. மறைத்த அதிகாரிக்கு எந்தப் பிரிவு?

கூடங்குளம் ஊடுருவல் குறித்த விசாரணையின் முழு அறிக்கை இன்றுவரை மக்கள் முன் வரவில்லை. வந்தது வேறொன்று. 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து ஒன்றிய அரசு விலக்கியது. கேள்வி கேட்கும் கதவையே சாத்திவிட்டார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. பதில் அங்கிருந்து வர வேண்டும். விசாரணை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வையுங்கள். உண்மை தெரிந்திருந்தும் மறுப்பு வெளியிடச் சொன்னது யார் என்று பெயரோடு அறிவியுங்கள். அணுமின் நிலையத்தில் ஊடுருவல் நடந்தால் இத்தனை நாளுக்குள் மக்களுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று சட்டம் இயற்றுங்கள். இந்தக் கூட்டத்தொடரிலேயே.